குழந்தை தமிழ் பேசுவதும் எழுதுவதும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். சேர்க்கை நேரத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசி வளரும் குழந்தைகளை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தாலே பேச்சு வந்துவிடும். எழுத்து அப்படி இல்லை, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். பெற்றோரின் கவலைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

குழந்தை எப்போது மொழியைக் கற்கத் தொடங்குகிறது?

பிறப்பதற்கு முன்பே. கருவின் கடைசி மூன்று மாதங்களில் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். குழந்தை சூப்பானை உறிஞ்சும் முறையை மாற்றினால் ஒலிக்கும் குரலும் மாறும். குழந்தைகள் தங்கள் அம்மாவின் குரல் கேட்கும் விதமாகவே உறிஞ்சினார்கள்.

இன்னொரு சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. கனடாவில் ஜேனட் வெர்க்கர் குழுவினர் 1984-ல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆறேழு மாதத்தில் இந்தியில் உள்ள ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெருமளவு குறைந்துவிடுகிறது, அவர்கள் வீட்டு மொழிக்கு அது தேவைப்படவில்லை என்பதால். நம் வீட்டுக் குழந்தைக்கு ‘பத்து’, ‘பட்டு’ இரண்டும் தினமும் காதில் விழுகின்றன. அதனால் அந்தக் காது கூர்மையாகவே இருக்கும். முதல் வார்த்தை வருவதற்குள் இவ்வளவு வேலை நடந்து முடிந்திருக்கும். கைக்குழந்தையிடம் பேசி என்ன பயன் என்று நினைக்கவே வேண்டாம்.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்?

இரண்டு மூன்று மாதத்தில் ‘ங்ஙா’, ‘ஊ’ என்று ஒலி எழுப்பும். ஆறேழு மாதத்தில் ‘பாபாபா’, ‘மாமாமா’, ‘தாதாதா’ என்று அடுக்கும். ஒரு வயதை ஒட்டி முதல் வார்த்தை வரும். ஒன்றரை வயதில் சுமார் 50 சொற்கள், இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பது, மூன்று வயதில் வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரிகிற பேச்சு. இப்படித்தான் பொதுவாகப் போகும். ஒரே வீட்டில் அண்ணன் சீக்கிரம் பேசியிருப்பான், தங்கை இரண்டு மாதம் தள்ளிப் பேசுவாள். அந்த வித்தியாசம் இயல்பு.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒரு வயதாகியும் கை காட்டுவது, டாட்டா காட்டுவது, ஒலிகளை அடுக்குவது எதுவுமே இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதாகியும் தானாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால், எந்த வயதானாலும் உடனே போங்கள்.

முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு’ என்று மூன்று நான்கு வயது வரை தள்ளிப்போடுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். காது கேளாமையை முதல் வருடத்திலேயே கண்டுபிடித்தால் பேச்சு எவ்வளவோ முன்னேறும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்குக் காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்கிறார்கள். இதற்கு வயது வரம்பு உண்டு, தள்ளிப்போட்டால் வாய்ப்பே போய்விடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் விசாரியுங்கள்.

நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வருமா?

வராது. பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, காதிலும் மூளையிலும் தொடங்குகிறது. தேனில் குழைத்துத் தடவுவது ஆபத்தும்கூட. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

குழந்தையிடம் ‘மம்மம்’, ‘பாச்சி’, ‘தாச்சி’ என்று பேசலாமா? கெட்டுப்போகாதா?

தாராளமாகப் பேசலாம். உதட்டைச் சேர்த்துப் பிரித்தாலே வந்துவிடுகிற ஒலிகள், ஒரே அசை இரண்டு முறை வருகிற சொற்கள் என்று பாட்டிமார் பொறுக்கி வைத்திருப்பதெல்லாம் குழந்தையின் வாய்க்கு எளிதானவை. குரலை உயர்த்தி, இழுத்து, நிறுத்தி நிறுத்திக் கொஞ்சுவதும் அப்படித்தான். எந்த இடத்தில் ஒரு சொல் முடிகிறது என்று குழந்தைக்கு அதில் எளிதாகப் பிடிபடுகிறது. ‘மம்மம் வேணுமா? சோறு சாப்பிடலாமா?’ என்று இரண்டு சொல்லும் காதில் விழட்டும். தேவை தீர்ந்ததும் குழந்தையே ‘மம்மம்’ என்பதை விட்டுவிடும்.

‘போட்டேன்’ என்பதைப் ‘போடுனேன்’ என்கிறான். திருத்த வேண்டாமா?

அவனைப் பாராட்டுங்கள். ‘ஓடு’ என்றால் ‘ஓடுனேன்’, ‘ஆடு’ என்றால் ‘ஆடுனேன்’. அப்படியானால் ‘போடு’ என்றால்? யாரும் அவனிடம் ‘போடுனேன்’ என்று சொன்னதே இல்லை. அவனாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்துப் போட்டுப் பார்க்கிறான்.

குழந்தைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்கிற கிளிகள் இல்லை என்பதை 1958-ல் ஜீன் பெர்கோ என்பவர் அழகாகக் காட்டினார். ‘வக்’ என்று இல்லாத ஒரு பிராணியை வரைந்து காட்டி, இரண்டு இருந்தால் என்னவென்று சொல்வாய் என்று ஆங்கிலம் பேசும் சிறுவர்களிடம் கேட்டார். அவர்கள் ‘வக்ஸ்’ என்றார்கள். வாழ்நாளில் கேட்டிராத சொல்லுக்குப் பன்மை!

‘அப்படிச் சொல்லாதே’ என்று நிறுத்தினால் குழந்தை பேச்சையே நிறுத்தும். ‘ஓ, நீயே போட்டியா? எங்க போட்ட?’ என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலில் கலந்துவிடுங்கள். அது போதும். தன்னைப் ‘பாப்பா சாப்ட்டா’ என்று மூன்றாம் ஆளாகச் சொல்வதும், ‘எனக்கு’ என்ற இடத்தில் ‘உனக்கு’ என்பதும் இதே கதைதான், மூன்று வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரியவர்களை ‘வா’ என்பதும் அப்படியே. ‘வாங்க’ என்று நீங்கள் சொல்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகும்.

‘ழ’ வரவில்லை. ‘பயம்’, ‘பளம்’ என்கிறாள்.

உதட்டொலிகளும் ‘த’, ‘ந’வும் முதலில் வரும். ‘ர’, ‘ழ’ எல்லாம் கடைசியில் வருபவை. ஐந்து ஆறு வயது வரை பொறுக்கலாம். அதற்கு முன் உங்கள் ஊர்ப் பேச்சையும் கவனியுங்கள். தென் மாவட்டங்களில் பல வீடுகளில் பெரியவர்களே ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறார்கள். அது அந்த ஊர் வழக்கு, நாக்குக் குறை இல்லை. பள்ளியில் உரக்கப் படிக்கும்போது ‘ழ’வைத் தனியாகப் பழகிக்கொள்ளலாம். பல ஒலிகளும் சேர்ந்து குழம்பி, நான்கு வயதிலும் பேச்சு வெளியாருக்குப் புரியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

யூடியூப் பாட்டு பார்த்தே நிறைய சொல் கற்றுக்கொள்கிறானே?

பாடல் மனப்பாடம் ஆகும். மொழி வேறு. பேட்ரிசியா கூல் என்ற ஆய்வாளர் 2003-ல் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். நேரில் ஒருவர் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் பேசியதைப் படம்பிடித்துத் திரையில் காட்டியபோது ஒன்றும் பிடிபடவில்லை. திரை பதில் சொல்லாது, குழந்தை எதைப் பார்க்கிறது என்று கவனிக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தாத்தா பாட்டி வீடியோ அழைப்பில் வருவதை நான் இதில் சேர்க்க மாட்டேன். அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். குழந்தை குழம்பாதா?

மதுரையில் சௌராஷ்டிர வீடுகளிலும், தெலுங்கு, உருது, கன்னடம் பேசும் எத்தனையோ தமிழ்நாட்டு வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வளர்கிறார்கள். இரண்டு மொழிச் சொற்களை ஒரே வாக்கியத்தில் கலப்பது குழப்பத்தின் அடையாளம் இல்லை. ஒரு மொழியில் சட்டென்று சொல் கிடைக்காதபோது இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சொற்களை எண்ணினால் எல்லா மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. ‘வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்’ என்று நர்சரியில் சொன்னதற்காக, தமிழ் மட்டுமே சரளமாக வரும் அம்மா, தெரிந்த முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்களுக்குள் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். ‘கம்’, ‘ஈட்’, ‘டோன்ட் டூ’. ஏன் மழை பெய்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை எங்கே போயிற்று, நேற்று மாமா என்ன சொன்னார் என்ற பேச்செல்லாம் வீட்டைவிட்டே போய்விடுகிறது. குழந்தைக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான். உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்லவும் கோபப்படவும் கொஞ்சவும் வருமோ அதில் பேசுங்கள். அதில் வேரூன்றிய குழந்தைக்கு இங்கிலீஷ் பின்னால் நன்றாகவே வரும்.

பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். எதைச் சொல்லிக்கொடுப்பது?

நம் குழந்தைகளுக்கு மட்டும் உள்ள கூடுதல் சுமை என்று இதைச் சொல்ல முடியாது. சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வீட்டில் ஒரு வடிவமும் எழுத்தில் இன்னொரு வடிவமும் வழங்கும் அரபு போன்ற மொழிகளைப் பற்றியதுதான். தமிழும் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘அவங்க வந்துட்டாங்க’ என்று பேசி வளர்ந்த குழந்தை, ஒன்றாம் வகுப்பில் ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று படிக்கிறது. ‘மூணு’ தெரியும், ‘மூன்று’ புதிது. ‘அஞ்சு’ தெரியும், ‘ஐந்து’ புதிது. எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்த பிறகும் அது தான் தினமும் பேசும் சொல்தான் என்று அதற்குத் தெரியாமல் போகலாம்.

சில வீடுகளில் இதற்குத் தீர்வாக மூன்று வயதுக் குழந்தையிடம் ‘நீ உணவு உண்கிறாயா?’ என்று பேசத் தொடங்குகிறார்கள். வேண்டாம். அப்படிப் பேச நமக்கே வராது, இரண்டு வாக்கியத்தில் பேச்சு வறண்டுவிடும். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று சொல்வதும் வேண்டாம். அதற்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு, குழந்தை அதைத்தான் ‘போடுனேன்’ என்று சோதித்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2005-ல் தமிழ்க் கல்வியை மறுஆய்வு செய்தபோது வகுப்பறையில் தரமான பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் தமிழ் குறைந்துகொண்டு வந்த இடத்தில் எடுத்த முடிவு அது. நாமும் அதை யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என்ன செய்யலாம்? எழுத்துத் தமிழ் கண்ணுக்குப் போவதற்கு முன்பே காதுக்குப் போகட்டும். இரண்டு வயதிலிருந்தே படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். ‘யானை ஆற்றுக்குச் சென்றது’ என்று வாசித்துவிட்டு, ‘பாரு, ஆனை ஆத்துக்குப் போயிடுச்சு!’ என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள். வாசிப்பு ஒரு தமிழ், பேச்சு ஒரு தமிழ், இரண்டும் ஒரே யானையைப் பற்றி. இப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தைகளை முதல் வாரத்திலேயே என்னால் கண்டுபிடிக்க முடியும். ‘சென்றது’ என்ற சொல் வந்ததும் அவர்கள் தயங்குவதில்லை. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அக்கா படிக்கலாம், பாட்டி கதை சொல்லலாம். பாட்டி கதையில் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று தொடங்கும் வரிசையும், அடுத்து என்ன ஆனது என்ற கோர்வையும் இருக்கிறதே, பின்னால் கட்டுரை எழுத அதுதான் கைகொடுக்கும்.

எந்த வயதில் எழுத வைப்பது?

விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பது நல்ல வழக்கம். அது ஒரு தொடக்க விழா, மறுநாளே நான்கு கோடு நோட்டு வாங்க வேண்டியதில்லை. மூன்று வயதில் விரல்களுக்குப் பென்சிலைக் கட்டுப்படுத்தும் பலம் இருக்காது. களிமண் உருட்டுவது, புளியங்கொட்டை பொறுக்குவது, கோலப்பொடியில் கோடு இழுப்பது, சுவரில் கிறுக்குவது எல்லாமே எழுத்துக்கான பயிற்சிதான். பென்சிலை ஐந்து வயதை ஒட்டிக் கொடுத்தால் போதும்.

மணலில் விரலால் எழுதும் திண்ணைப் பள்ளி முறைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1790-களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்ந்து அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம் என்பதுதான் மணலின் பெரிய வசதி, பயமில்லாமல் எழுதும்.

247 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

247 என்பது அட்டவணைக் கணக்கு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 216 உயிர்மெய். ‘ஙூ’, ‘ஙெ’ எல்லாம் எந்தப் பாடத்திலும் வரப்போவதில்லை. குழந்தை உண்மையில் கற்பது அடிப்படை வடிவங்களையும் அவற்றோடு சேரும் குறிகளையும்தான். மற்ற இந்திய எழுத்துகளைப் போல நமக்குக் கூட்டெழுத்துச் சுமை இல்லை, புள்ளி வைத்தால் முடிந்தது. க, ங, ச, ஞ என்று அட்டவணை வரிசையில் போவதைவிட ட, ப, ம, ய போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, ‘படம்’, ‘மயில்’ என்று உடனே சொல்லாக்குவது நல்லது. இரண்டாம் நாளே ஒரு சொல்லைப் படித்துவிட்ட குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் அட்டவணைக்குத் திரும்ப மாட்டார்கள்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது கொம்பு. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்’. ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய குழந்தை இங்கே தடுமாறுவது அதன் புத்திசாலித்தனத்தால்தான். கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே வடிவமாக அட்டையில் எழுதிக் காட்டுங்கள்.

இரண்டாவது உகர வரிசை. கு, சு, டு, து, மு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. ‘கூ’, ‘பூ’, ‘தூ’ இன்னும் மோசம். இவற்றை விதியாகச் சொல்ல முயலாமல், குடை, சுறா, பூ, தூண் என்று சொல்லோடு பழக்குங்கள்.

மூன்றாவது மெய்யின் பெயர். ‘ம்’ எழுத்தை ‘இம்’ என்று சொல்லிப் பழகுவதால், ‘ப, ட, இம்’ என்று கூட்டிவிட்டு அது ‘படம்’ என்று தெரியாமல் நிற்கும் குழந்தைகள் ஏராளம். கூட்டும்போது ‘இ’யை விட்டுவிட்டு ‘ப…ட…ம்ம்’ என்று இழுக்கச் சொல்லுங்கள். பல குழந்தைகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

எவ்வளவு காலம் ஆகும்? நம்மைப் போன்ற எழுத்துமுறை உள்ள கன்னடத்தில் பெங்களூருவைச் சேர்ந்த சோனாலி நாக் செய்த ஆய்வுகள், எழுத்துகள் முழுதாகப் பிடிபட நான்காம், ஐந்தாம் வகுப்பு வரைகூட ஆகலாம் என்று காட்டின. தமிழில் எழுத்துகள் குறைவு. ஆனாலும் எல்கேஜியிலேயே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு நியாயமே இல்லை.

பள்ளியில் என் மகள் ‘அரும்பு’ நிலையில் இருக்கிறாளாம். படிப்பில் பின்தங்கிவிட்டாளா?

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் நிலைகள். அந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிரிக்கிறோம். வீட்டில் இதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு அண்ணன் தம்பியோடு ஒப்பிட வேண்டாம். எந்த எழுத்தில் தடுமாறுகிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள், அதற்கு எங்களிடம் பதில் இருக்கும்.

ண, ந, ன எது எங்கே என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பேச்சில் ‘ந’வும் ‘ன’வும் நமக்கெல்லாம் ஒரே ஒலியாகிவிட்டன, காதை நம்பி எழுத முடியாது. பழைய வாத்தியார்கள் வைத்த பெயர்களே வழிகாட்டும். டண்ணகரம்: ‘ட’வுக்கு முன்னால் ‘ண்’ (வண்டி, நண்டு). தந்நகரம்: ‘த’வுக்கு முன்னால் ‘ந்’ (பந்து, சந்தை). றன்னகரம்: ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’ (கன்று, தென்றல்). சொல்லின் தொடக்கத்தில் ‘ந’தான் வரும். இவ்வளவு தெரிந்தாலே பாதிப் பிழை போய்விடும். மீதி, படிக்கப் படிக்கக் கண்ணில் பதியும். இரண்டாம் வகுப்பு வரை சிவப்பு மையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தன் நாயைப் பற்றி நான்கு வரி எழுதி வந்த பிள்ளையிடம் முதலில் நாயைப் பற்றிக் கேளுங்கள்.

எழுத்தைத் திருப்பிப் போடுகிறான், இடது கையால் எழுதுகிறான். டிஸ்லெக்சியா என்கிற, படிப்பதில் வரும் கற்றல் குறைபாடா?

இடது கை குறையே இல்லை, மாற்றாதீர்கள். 3, 7 போன்றவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதுவது ஆறேழு வயது வரை சகஜம். வாயால் நன்றாகக் கதை சொல்லும் குழந்தை, மூன்றாம் வகுப்பிலும் சின்னச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் திணறினால், நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிந்தால், முறையான பரிசோதனை தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தாத்தா எழுதும் ‘லை’, ‘னை’ வேறு மாதிரி இருக்கிறது. குழந்தை எதைப் பின்பற்றுவது?

1978-ல் தமிழ்நாடு அரசு பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் படித்தவர்கள் யானைத் தும்பிக்கை போட்டு ‘லை’ எழுதுவார்கள். குழந்தை பாடப் புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும். தாத்தாவின் எழுத்தைப் படிக்க மட்டும் பழகட்டும், பழைய கடிதங்களையும் புத்தகங்களையும் படிக்க உதவும்.